விந்தணு உருவாக்கத்தின் மூலக்கூற்று உயிரியலும் ஆண் கருவளமும்

விந்தணு உருவாக்கம் என்பது ஆணின் விந்தகத்தில் உள்ள மூலச் செல்கள் பல முறை பிரிந்து, உருமாறி, கருமுட்டையைக் கருவுறச் செய்யும் திறன் கொண்ட விந்தணுக்களாக மாறும் தொடர் நிகழ்வாகும். மனிதரில் இது பூப்புப் பருவத்தில் தொடங்கி, முதுமையிலும் பெரும்பாலும் நிற்காமல் நடைபெறுகிறது. ஒரு மூலச் செல் முழு வடிவமுள்ள விந்தணுவாக மாற ஏறத்தாழ 64 முதல் 74 நாட்கள் ஆகின்றன. இந்த நாட்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் குறித்த வரிசையில் இயங்கியும் ஓய்ந்தும் ஒத்துழைக்க வேண்டும். அவற்றுள் ஏதேனும் ஒன்று தவறினாலும் விந்தணுக்களின் எண்ணிக்கையோ, அசைவோ, வடிவமோ குறையலாம்.

உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலேனும் குழந்தைப்பேறின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறைபாடு தனியாகவோ, பெண்ணின் குறைபாட்டுடன் சேர்ந்தோ காணப்படுகிறது. ஆகவே விந்தணு எவ்வாறு உருவாகிறது என்பதை அறிவது தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு மட்டுமன்றிக் குடும்பங்களுக்கும் பயன்படும்.

வரலாறு

1677ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த அந்தோனி வான் லீவன்ஹுக், தாமே செய்த நுண்ணோக்கியின் வழியாக விந்து நீரில் நீந்தும் விந்தணுக்களைக் கண்டார். அவற்றின் பணி என்ன என்பது அதற்குப் பின்னும் நெடுங்காலம் விளங்கவில்லை. 1850இல் ஜெர்மானிய விலங்கியலாளர் பிரான்ஸ் லேடிக், விந்தகக் குழல்களுக்கு இடையே இருக்கும் செல்களை விவரித்தார். 1865இல் இத்தாலியரான என்ரிக்கோ செர்டோலி, குழல்களுக்கு உள்ளே வளரும் விந்தணுக்களைத் தாங்கி நிற்கும் கிளைத்த செல்களை விவரித்தார். இவ்விரு செல்களும் இன்று அவர்கள் பெயராலேயே வழங்கப்படுகின்றன.

மூலக்கூற்று ஆய்வுக்கு வித்திட்டவர் சுவிட்சர்லாந்தின் பிரீட்ரிக் மீஷர். 1869இல் வெள்ளை அணுக்களின் உட்கருவிலிருந்து 'நியூக்ளீன்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தவர் இவரே. அதுவே பின்னாளில் டி.என்.ஏ. என அறியப்பட்டது. பாசல் நகரில் பணியாற்றியபோது ரைன் ஆற்றுச் சால்மன் மீன்களின் விந்தணுக்களை ஆராய்ந்த அவர், 1874இல் அவற்றில் காரத்தன்மை மிகுந்த ஒரு பொருளைக் கண்டு அதற்குப் 'புரோட்டமின்' எனப் பெயரிட்டார். விந்தணுவின் தலைக்குள் டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் புரதம் இதுவே.

விந்தகத்தின் அமைப்பு

விந்தகங்கள் இரண்டும் உடலுக்கு வெளியே விதைப்பையில் அமைந்துள்ளன. விந்தணு உருவாக்கத்திற்கு உடல் வெப்பநிலையை விட 2 முதல் 4 பாகை செல்சியஸ் குறைந்த வெப்பநிலை தேவைப்படுவதே இதற்குக் காரணம். குழந்தை பிறந்த பின்னும் விந்தகம் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால், அங்குள்ள வெப்பத்தால் மூலச் செல்கள் படிப்படியாக அழியும். எனவே இறங்காத விந்தகத்தைக் குழந்தையின் முதல் ஒன்றரை ஆண்டுக்குள் அறுவை மருத்துவம் மூலம் இறக்கி வைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஒவ்வொரு விந்தகமும் ஏறத்தாழ 250 சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் அறையிலும் மிகவும் சுருண்ட ஒன்று முதல் மூன்று விந்து நுண்குழல்கள் உள்ளன. இக்குழலின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. ஒன்று, விந்தணுக்களாக மாறவிருக்கும் இனச்செல்கள். மற்றொன்று, அவற்றை வளர்த்தெடுக்கும் செர்டோலி செல்கள். குழல்களுக்கு இடைப்பட்ட பகுதியில் இரத்த நாளங்களும், டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களும் உள்ளன.

அருகருகே உள்ள செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து இரத்த-விந்தகத் தடுப்பு என்னும் வேலியை அமைக்கின்றன. விந்தணுக்கள் முதன்முதலில் தோன்றுவது பூப்புப் பருவத்தில்தான். உடலின் நோயெதிர்ப்பு அமைப்போ, தனக்குரியவை எவை, அயலானவை எவை என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டு விடுகிறது. பின்னர் வரும் விந்தணுக்களின் புதிய புரதங்களை அது அயற்பொருளாகக் கருதித் தாக்கக்கூடும். அதைத் தடுப்பதே இவ்வேலியின் முதன்மைப் பணி. காயம், அறுவை மருத்துவம் போன்றவற்றால் இவ்வேலி உடைந்தால் விந்தணு எதிர்ப்புப் புரதங்கள் தோன்றலாம்.

இனச்செல்களின் தோற்றம்

விந்தணுவின் கதை பூப்புப் பருவத்திற்கு வெகு காலம் முன்பே, கரு சில வாரங்களே ஆன நிலையில் தொடங்குகிறது. முதனிலை இனச்செல்கள் விந்தகத்தில் தோன்றுவதில்லை. கருவின் மஞ்சள் கருப்பை அருகே தோன்றி, அங்கிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் விந்தகமாகவோ சூலகமாகவோ மாறவிருக்கும் மேட்டை அடைகின்றன.

அம்மேடு விந்தகமாக மாறுவதை ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்னும் மரபணு முடிவு செய்கிறது. இம்மரபணு 1990இல் இங்கிலாந்து ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. இது சாக்ஸ்9 என்னும் மற்றொரு மரபணுவைத் தூண்டுகிறது. அதன் விளைவாகச் செர்டோலி செல்கள் உருவாகி, மற்ற செல்களை விந்தகமாக ஒழுங்கமைக்கின்றன.

பெண் கருவில் இனச்செல்கள் பிறப்பதற்கு முன்பே குன்றல் பகுப்பைத் தொடங்கி விடுகின்றன. ஆண் கருவில் அவை பிரிதலை நிறுத்தி, பூப்புப் பருவம் வரை காத்திருக்கின்றன. பெண்ணின் முட்டைச் செல்கள் எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவையாக இருப்பதற்கும், ஆணின் விந்தணுக்கள் தொடர்ந்து புதிதாக உருவாவதற்கும் இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

ஹார்மோன்களின் கட்டுப்பாடு

விந்தகம் தன்னிச்சையாக இயங்குவதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி, கொனாடோட்ரோபின் விடுவிக்கும் ஹார்மோனை விட்டுவிட்டுத் துடிப்புகளாகச் சுரக்கிறது. இந்த ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த பணிக்காகவும் அதையொத்த பிற பணிகளுக்காகவும் ஆன்ட்ரூ ஷாலி, ரோஜர் கீய்மன் ஆகியோர் 1977ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இந்த ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் கலக்கிறது.

லூட்டினைசிங் ஹார்மோன் லேடிக் செல்களை அடைந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது. பாலிக்கிள் தூண்டும் ஹார்மோன் செர்டோலி செல்களை அடைந்து அவற்றின் வளர்ப்புப் பணியை ஊக்குவிக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர்ந்தால் மூளை தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. செர்டோலி செல்கள் சுரக்கும் இன்ஹிபின், பாலிக்கிள் தூண்டும் ஹார்மோனைக் கட்டுப்படுத்துகிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்பதைப் போன்ற எதிர்மறைப் பின்னூட்டம் இது.

விந்தகத்திற்குள் டெஸ்டோஸ்டிரோன் செறிவு இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு அதிகம். இந்த உயர் செறிவு இல்லாமல் விந்தணு உருவாக்கம் நிறைவு பெறாது. டெஸ்டோஸ்டிரோன் ஏற்பிகள் இனச்செல்களில் இயங்குவதில்லை. செர்டோலி செல்களில் இயங்குகின்றன. அதாவது ஹார்மோன்களின் கட்டளையைச் செர்டோலி செல்களே பெற்று, இனச்செல்களுக்குச் சேர்ப்பிக்கின்றன.

விந்தணு உருவாக்கத்தின் மூன்று கட்டங்கள்

1. பெருக்கக் கட்டம்

விந்து நுண்குழலின் வெளி ஓரத்தில் ஸ்பெர்மட்டோகோனியா என்னும் மூலச் செல்கள் உள்ளன. இவற்றுள் சில குருத்தணுக்கள். குருத்தணு பிரியும்போது, சில செல்கள் குருத்தணுவாகவே நீடிக்க, மற்றவை விந்தணுவாகும் பாதையில் செல்கின்றன. எல்லாமே விந்தணுவாக மாறிவிட்டால் விரைவில் இருப்பு தீர்ந்துவிடும். எல்லாமே குருத்தணுவாக நின்றுவிட்டால் விந்தணு உருவாகாது. இந்தச் சமநிலையைக் காப்பதில் செர்டோலி செல்கள் சுரக்கும் ஜி.டி.என்.எப். என்னும் வளர்ச்சிக் காரணி முக்கியப் பங்கு வகிக்கிறது.

இவ்வாறு பெருகும் செல்கள் முழுமையாகப் பிரிந்துவிடுவதில்லை. ஒரே மூலத்திலிருந்து வந்த செல்கள் மெல்லிய பாலங்களால் இணைந்தே இருக்கின்றன. இதன் பயன் பின்னர் தெரியும்.

2. குன்றல் பகுப்புக் கட்டம்

வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் ரெட்டினாயிக் அமிலம், ஸ்ட்ரா8 என்னும் மரபணுவைத் தூண்டுகிறது. குன்றல் பகுப்பைத் தொடங்குவதற்கான அழைப்பு இதுவே. உணவில் வைட்டமின் ஏ இல்லாத எலிகளில் விந்தணு உருவாக்கம் மூலச் செல் நிலையிலேயே நின்றுவிடுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

இப்போது செல் முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட் எனப்படும். அதன் 46 குரோமோசோம்களும் இரட்டிப்படைந்து, தந்தைவழி வந்ததும் தாய்வழி வந்ததும் இணை சேர்கின்றன. அடுத்து நடப்பது வியப்பானது. வேறு எந்தச் செல்லிலும் பேராபத்தாகக் கருதப்படும் ஒரு செயலை இச்செல் தானே முன்வந்து செய்கிறது. ஸ்போ11 என்னும் புரதம், டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் நூற்றுக்கணக்கான இடங்களில் வெட்டுகிறது. ராட்51, டி.எம்.சி.1 ஆகிய புரதங்கள் வெட்டுப்பட்ட முனையை இணைக் குரோமோசோமுக்கு அழைத்துச் சென்று, அதை வார்ப்பாகக் கொண்டு சரிசெய்ய உதவுகின்றன. அப்போது சில இடங்களில் இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுகின்றன. இதுவே குறுக்கே கலத்தல். ஒரே பெற்றோரின் பிள்ளைகள் ஒருவரைப் போல் ஒருவர் இல்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணை சேர்ந்த குரோமோசோம்களை இரும்புப் பாதையின் தண்டவாளங்களைப் போல இணையாகப் பிடித்து வைப்பது சினாப்டினீமல் தொகுப்பு என்னும் புரதக் கட்டமைப்பு. எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் அளவில் பெரிதும் வேறுபடுவதால், அவை தம் முனைகளில் மட்டுமே இணைகின்றன. இணை சேராத பகுதிகளில் உள்ள மரபணுக்கள் அணைக்கப்படுகின்றன. வெட்டுகள் சரியாகச் சீராகாமலோ, குரோமோசோம்கள் சரியாக இணை சேராமலோ போனால், செல் தொடர்ந்து செல்லாமல் அழிக்கப்படுகிறது. குறைபாடுள்ள சரக்கை வெளியே அனுப்பாத தரக்கட்டுப்பாடு இது.

முதல் குன்றல் பகுப்பின் முடிவில் இரண்டு இரண்டாம்நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகளும், இரண்டாம் பகுப்பின் முடிவில் நான்கு ஸ்பெர்மாட்டிட்டுகளும் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் 23 குரோமோசோம்கள் உள்ளன. நான்கில் இரண்டு எக்ஸ் குரோமோசோமையும், இரண்டு ஒய் குரோமோசோமையும் கொண்டவை. பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பது எந்த வகை விந்தணு முட்டையை அடைகிறது என்பதைப் பொறுத்ததே. இதில் தாய்க்குப் பங்கில்லை என்பதால், பெண் குழந்தை பிறந்ததற்காகத் தாயைக் குறை கூறுவதில் அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை.

3. உருமாற்றக் கட்டம்

ஸ்பெர்மாட்டிட் உருண்டையான சாதாரணச் செல். இனி அது பிரிவதில்லை. சில வாரங்களில் தலையும் வாலும் கொண்ட, ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் நீளமுள்ள விந்தணுவாக மாறுகிறது. முன்னர் கூறிய பாலங்களின் பயன் இங்கு தெரிகிறது. ஒய் குரோமோசோம் பெற்ற ஸ்பெர்மாட்டிட்டில் எக்ஸ் குரோமோசோமின் மரபணுக்கள் இல்லை. ஆனால் அண்டைச் செல்லிலிருந்து பாலத்தின் வழியே ஆர்.என்.ஏ.வும் புரதங்களும் வந்து சேர்கின்றன. ஆகவே இரு வகை விந்தணுக்களும் ஏறத்தாழ சம திறனுடன் வளர்கின்றன.

டி.என்.ஏ.வைச் சுருக்குதல்

சாதாரணச் செல்களில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளைச் சுற்றி இருக்கும். விந்தணுவின் சிறிய தலைக்குள் அவ்வாறு அடக்க முடியாது. எனவே ஹிஸ்டோன்கள் அகற்றப்பட்டு, முதலில் இடைநிலைப் புரதங்களும், பின்னர் புரோட்டமின்களும் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. மனித விந்தணுவில் ஏறத்தாழ 85 முதல் 95 சதவீத ஹிஸ்டோன்கள் இவ்வாறு மாற்றப்படுகின்றன.

புரோட்டமினில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. அதன் நேர்மின் சுமை, டி.என்.ஏ.வின் எதிர்மின் சுமையை ஈடுசெய்வதால் இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் நெருங்கி அமைகின்றன. புரோட்டமினில் உள்ள சிஸ்டீன்களுக்கு இடையே ஏற்படும் கந்தகப் பிணைப்புகள் கட்டை மேலும் இறுக்குகின்றன. பயணத்தில் டி.என்.ஏ. சிதையாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. மனிதரில் புரோட்டமின்1, புரோட்டமின்2 என இரு வகைகள் ஏறத்தாழ சம அளவில் உள்ளன. இந்த விகிதம் பிறழ்ந்த ஆண்களில் விந்தணு டி.என்.ஏ. சிதைவும் கருவளக் குறைவும் அதிகம் காணப்படுகின்றன.

இவ்வாறு இறுகிய டி.என்.ஏ.விலிருந்து புதிய ஆர்.என்.ஏ. படியெடுக்க இயலாது. ஆகவே பிற்காலத்திற்குத் தேவையான ஆர்.என்.ஏ.க்களை ஸ்பெர்மாட்டிட் முன்கூட்டியே தயாரித்துச் சேமித்து வைத்து, உரிய நாளில் புரதங்களாக மாற்றிக்கொள்கிறது.

தலை, நடுப்பகுதி, வால்

விந்தணுவின் தலைமேல் தொப்பி போல் அமைந்திருப்பது அக்ரோசோம். கோல்கை உறுப்பிலிருந்து உருவாகும் இதில், முட்டையின் உறையைக் கடக்க உதவும் நொதிகள் உள்ளன. டி.பி.ஒய்.19எல்2 என்னும் மரபணு இல்லாத ஆண்களில் அக்ரோசோம் உருவாவதில்லை. அவர்களின் விந்தணுத் தலைகள் உருண்டையாக இருக்கும். இயல்பான முறையில் அவை முட்டையைக் கருவுறச் செய்வதில்லை.

நடுப்பகுதியில் மைட்டோகாண்ட்ரியாக்கள் திருகு வடிவில் சுற்றி அமைந்து ஆற்றல் தருகின்றன. வாலின் மையத்தில் ஒன்பது இணை நுண்குழாய்களும், நடுவில் இரண்டு தனிக் குழாய்களும் உள்ளன. டைனின் என்னும் இயந்திரப் புரதம் ஒரு குழாயைப் பிடித்து அடுத்ததன் மேல் சறுக்கச் செய்வதால் வால் வளைந்து அசைகிறது. மூச்சுக் குழாயில் சளியை மேலே தள்ளும் குற்றிழைகளிலும் ஏறத்தாழ இதே அமைப்புதான் உள்ளது. டைனின் மரபணுக் குறைபாடுள்ள சிலருக்குச் சிறு வயது முதல் தொடர் சளித் தொல்லையும், வளர்ந்த பின் விந்தணு அசைவின்மையும் சேர்ந்து காணப்படுவதற்கு இதுவே காரணம்.

முதிர்ச்சியும் கருவுறுதலும்

விந்தகத்தை விட்டு வெளிவரும் விந்தணு இன்னும் நீந்தத் தெரியாதது. விந்தக மேற்சுருள் நாளமான எபிடிடிமிஸ் வழியாகச் சில நாட்கள் முதல் இரு வாரங்கள் வரை பயணிக்கும்போது அதன் வெளிச் சவ்வில் புதிய புரதங்களும் கொழுப்புகளும் சேர்ந்து, நீந்தும் திறன் வருகிறது.

அப்போதும் அதனால் முட்டையைக் கருவுறச் செய்ய முடியாது. பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் தங்கிய பின்னரே அத்திறன் கிடைக்கிறது. இதை 1951இல் எம். சி. சாங், சி. ஆர். ஆஸ்டின் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்தனர். அப்போது விந்தணுச் சவ்விலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறுகிறது. கால்சியம் உள்ளே நுழைகிறது. கால்சியத்தை உள்ளே விடும் வாயில், விந்தணுவின் வாலில் மட்டுமே காணப்படும் கேட்ஸ்பெர் என்னும் புரதத் தொகுப்பு. 2001இல் கண்டறியப்பட்ட இது இல்லாவிட்டால், முட்டையின் உறையைத் துளைக்கத் தேவையான வலுவான சாட்டையடி போன்ற வால் அசைவு ஏற்படாது.

விந்தணுவும் முட்டையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள இரு புரதங்கள் இன்றியமையாதவை. விந்தணுவில் உள்ள இசுமோ1 புரதம் 2005இல் ஜப்பானில் அடையாளம் காணப்பட்டு, திருமண வேண்டுதலுக்குப் பெயர்பெற்ற அந்நாட்டுக் கோயிலின் பெயர் அதற்கு இடப்பட்டது. முட்டையின் மேல் அதைப் பற்றும் ஜூனோ புரதம் 2014இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது; ரோமானியரின் திருமணத் தேவதையின் பெயர் அதற்கு அமைந்தது. இணைந்த பின் விந்தணு கொண்டுவரும் பாஸ்போலிபேஸ் சி சீட்டா என்னும் நொதி முட்டைக்குள் கால்சியம் அலைகளை எழுப்ப, உறங்கிக் கிடந்த முட்டை விழித்துக் கருவாக வளரத் தொடங்குகிறது.

மரபணுக் காரணங்கள்

விந்து நீரில் விந்தணுவே இல்லாத நிலை, ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. இதன் காரணங்கள் இரு வகைப்படும்: விந்தணு உருவாகியும் வழி அடைபட்டிருத்தல்; விந்தணுவே உருவாகாமல் இருத்தல்.

கிளைன்ஃபெல்டர் நோய்க்குறியில் ஆணுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும். 1942இல் விவரிக்கப்பட்ட இது, விந்தணு இன்மைக்கு மிகப் பொதுவான குரோமோசோம் காரணம். பலருக்கு இது குழந்தையின்மைக்கான பரிசோதனையின்போதுதான் முதன்முதலில் தெரிய வருகிறது.

ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் விந்தணு உருவாக்கத்திற்கான பகுதி உள்ளது என்பதை 1976இல் இத்தாலிய ஆய்வாளர்களான டியெப்போலோ, சுஃபார்டி ஆகியோர் முன்வைத்தனர். இப்பகுதி இன்று ஏ, பி, சி என மூன்றாகப் பிரித்துப் பேசப்படுகிறது. ஏ அல்லது பி பகுதி முழுவதும் இழந்தவரின் விந்தகத்தில் விந்தணு கிடைப்பதற்கான வாய்ப்பு இல்லை எனலாம். சி பகுதியை மட்டும் இழந்தவரிடம் ஓரளவு விந்தணு உருவாகலாம். அவருக்குச் சிகிச்சை மூலம் மகன் பிறந்தால் அந்த இழப்பு மகனுக்கும் செல்லும் என்பதை முன்கூட்டியே எடுத்துரைப்பது மரபியல் ஆலோசனையின் கடமை.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள டெக்ஸ்11 மரபணுவில் திடீர்மாற்றம் ஏற்பட்டால் குன்றல் பகுப்பு பாதியில் நின்றுவிடலாம். சி.எப்.டி.ஆர். மரபணுத் திடீர்மாற்றத்தால் பிறவியிலேயே இரு விந்து நாளங்களும் இல்லாமல் போகலாம். இவர்களின் விந்தகத்தில் விந்தணு இயல்பாகவே உருவாகும். கால்மன் நோய்க்குறியில் ஹைபோதலாமஸின் ஹார்மோன் சுரப்பதில்லை. மணம் நுகரும் திறனும் இருக்காது. இவர்களுக்கு ஹார்மோன் ஊசிகள் மூலம் விந்தணு உருவாக்கத்தைத் தொடங்கி வைக்க முடியும்.

பிற காரணங்கள்

வெரிகோசீல்: விந்தகத்திலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் புடைத்திருத்தல். ஆண்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடமும், கருவளக் குறைவுள்ள ஆண்களில் ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதத்தினரிடமும் உள்ளது. இதனால் விந்தகத்தின் வெப்பமும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடுகின்றன.

ஆக்சிஜனேற்ற அழுத்தம்: விந்தணுவின் சவ்வில் எளிதில் கெடும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. தன்னைச் சீர்செய்துகொள்ளும் திறன் அதற்கு மிகக் குறைவு. புகைபிடித்தல், உடற்பருமன், தொற்று ஆகியவை இந்த அழுத்தத்தைக் கூட்டி டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன.

வெளியிலிருந்து பெறும் டெஸ்டோஸ்டிரோன்: உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்ச்சிக்காகச் சிலர் இவ்வகை ஊசிகளைப் போட்டுக்கொள்கின்றனர். ஆண் ஹார்மோன் என்பதால் ஆண்மை கூடும் என்று நம்புவோரும் உண்டு. நடப்பது நேர்மாறானது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்ததும் மூளை தன் கட்டளையை நிறுத்துகிறது. விந்தகத்திற்குள் சுரப்பு வீழ்ந்து, விந்தணு உருவாக்கம் நின்றுவிடுகிறது. வாரந்தோறும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைக் கொடுத்து அதை ஆண் கருத்தடையாகவே பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் ஆய்வு நடத்தி 1990இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானோரில் விந்தணு இன்மை ஏற்பட்டது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் நிலை சீராகும். நீண்ட காலம் பயன்படுத்தியவர்களுக்குத் தாமதமாகலாம்.

நச்சுப் பொருட்கள்: 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்னும் ஊரின் இரசாயனத் தொழிற்சாலையில், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்களே பேசிக் கண்டுகொண்டனர். பரிசோதித்தபோது பலரிடம் விந்தணு மிகக் குறைந்தோ, அறவே இல்லாமலோ இருந்தது. அவர்கள் கையாண்ட டி.பி.சி.பி. என்னும் நூற்புழுக்கொல்லியே காரணம் என்று தெரிந்தது. அமெரிக்காவில் 1979இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன.

வயது: ஆண் குருத்தணு வாழ்நாள் முழுவதும் பிரிந்துகொண்டே இருப்பதால், படியெடுப்புப் பிழைகள் சேர்கின்றன. ஐஸ்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வின்படி, தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடும்போது குழந்தைக்குச் செல்லும் புதிய திடீர்மாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு கூடுகின்றன.

விந்துப் பரிசோதனை

ஆண் கருவளத்தை அறிவதற்கான முதல் பரிசோதனை எளியது, வலியற்றது. 2 முதல் 7 நாட்கள் இடைவெளிக்குப் பின் தரும் மாதிரியை ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின் கீழ்வரம்பு அளவுகள் பின்வருமாறு:

- விந்து நீரின் அளவு: 1.4 மில்லிலிட்டர்
- ஒரு மில்லிலிட்டரில் விந்தணுக்கள்: 1 கோடியே 60 லட்சம்
- மொத்த விந்தணுக்கள்: 3 கோடியே 90 லட்சம்
- அசையும் விந்தணுக்கள்: 42 சதவீதம்
- முன்னோக்கி நீந்துபவை: 30 சதவீதம்
- இயல்பான வடிவமுள்ளவை: 4 சதவீதம்

ஓராண்டுக்குள் தந்தையான ஆண்களில் 95 சதவீதத்தினர் இந்த அளவுகளில் ஒவ்வொன்றையும் எட்டியோ தாண்டியோ இருந்தனர் என்பதே இவற்றின் பொருள். இதற்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்றோ, மேலே இருந்தால் கட்டாயம் பிறக்கும் என்றோ கொள்ளக் கூடாது. 'இயல்பான வடிவம் 5 சதவீதம்' என்று அறிக்கையில் கண்டு அஞ்சுவோர் பலர். அது வரம்புக்கு உட்பட்டதே.

கடும் காய்ச்சல் வந்தவரின் விந்தணு எண்ணிக்கை சில வாரங்கள் கழித்துக் குறையலாம். உருவாக்கத்திற்கு இரண்டரை மாதம் ஆவதால், அதன் பாதிப்பு நீங்கவும் ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். எனவே ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு செய்யாமல், இடைவெளி விட்டு மீண்டும் செய்து பார்ப்பது வழக்கம். புகையை நிறுத்தியவரும், சிகிச்சை தொடங்கியவரும் பலன் காண இதே கால அளவு காத்திருக்க வேண்டும்.

சிகிச்சை முறைகள்

ஹார்மோன் குறைபாடு, அடைப்பு, வெரிகோசீல் ஆகியவற்றுக்கு நேரடிச் சிகிச்சை உண்டு. விந்தணு மிகக் குறைவாக உள்ளவர்களுக்குப் பெரிய திருப்பமாக அமைந்தது, ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை. இம்முறையில் பெற்ற முதல் கருத்தரிப்புகளை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான்பியரோ பலெர்மோவும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்டனர். விந்து நீரில் விந்தணு இல்லாதவர்களிலும், அறுவை நுண்ணோக்கியின் உதவியால் விந்தகத்திற்குள் விந்தணுவைத் தேடி எடுக்கும் முறை 1999இல் விவரிக்கப்பட்டது.

புற்றுநோய்க்கான மருந்துகளும் கதிர்வீச்சும் விரைந்து பிரியும் செல்களைத் தாக்குவதால் ஸ்பெர்மட்டோகோனியாக்களும் அழியலாம். ஆகவே சிகிச்சைக்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்கலாம். உறைந்த விந்தணுவால் ஏற்பட்ட முதல் கருத்தரிப்புகள் 1953இலேயே அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டன. பூப்படையாத சிறுவர்களுக்கு இவ்வழி இல்லை. அவர்களின் விந்தகத் திசுவைச் சேமித்து வைத்துப் பின்னர் பயன்படுத்துவதற்கான ஆய்வுகள் நடைபெறுகின்றன. 1994இல் அமெரிக்காவின் ரால்ஃப் பிரின்ஸ்டர் ஓர் எலியின் குருத்தணுக்களை மற்றோர் எலியின் விந்தகத்தில் வைத்து விந்தணு உருவாகச் செய்தார். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் விந்தகத் திசுவை உடலுக்கு வெளியே வளர்த்து விந்தணுக்களைப் பெற்று, அவற்றிலிருந்து குட்டிகளையும் பெற்றனர்.

சமூகப் பார்வை

தமிழில் குழந்தையில்லாத பெண்ணைச் சுட்டும் 'மலடி' என்ற சொல் வசையாகவே புழங்கி வந்துள்ளது. ஆணைச் சுட்டும் 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருந்தும் பேச்சில் அரிது. குழந்தையின்மை பெண்ணின் குறையாகவே எண்ணப்பட்டதை இந்த வேறுபாடு காட்டுகிறது. பெண்ணுக்குப் பல கட்டப் பரிசோதனைகள் முடிந்த பின்னரே ஆண் ஒரு மாதிரி தரச் சம்மதிப்பதும், ஆண்மையும் கருவளமும் ஒன்றெனக் கருதித் தயங்குவதும் இதன் தொடர்ச்சியே.

உண்மையில் உடலுறவுத் திறனும் விந்தணு உருவாக்கமும் வெவ்வேறானவை. உடல் வலிமை, மீசை, குரல் ஆகிய அனைத்தும் இயல்பாக இருக்கும் ஆணுக்கும், ஒரு மரபணுவின் பிழையால் விந்தணு இல்லாமல் போகலாம். அது ஒருவர் செய்த தவறும் அன்று, மறைக்க வேண்டிய இழுக்கும் அன்று. ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதியரில் இருவரும் ஒரே நேரத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே மருத்துவ நெறி. மனைவியின் வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதங்களிலேயே மருத்துவரை அணுகுவது நல்லது. முட்டைகளின் இருப்பு ஆண்டுதோறும் குறைந்து வருவதால், கணவரின் தயக்கத்தில் கழியும் காலத்தின் இழப்பு மனைவியையே சேர்கிறது.